எட்டாவது பொருள்

பள்ளிக்குக் கொடுத்த பட்டியலில்
ஏழுதான் எழுதியிருந்தேன்.
வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு
விருந்தினருக்கான பச்சை ஸ்லிப்பரை மாட்டினேன்.
ஓர் அளவு பெரிது. நடை முழுக்க டப் டப்பென்று
எனக்கு முன்னால் என் வரவைச் சொல்லிக்கொண்டு போனது.

ஐந்தாம் வகுப்பு. இருபத்து மூன்று பேர்.
ஜன்னலுக்கு வெளியே தொத்தோரிப் பனி,
ஈரப் பஞ்சு போல, கனத்து.
மலாவி எங்கே இருக்கிறது என்றேன்.
உலக உருண்டையில் ஒரு விரல் பிரேசிலைத் தொட்டது.
பரவாயில்லை. கிளம்பும் முன்
என் விரலும் ஏறக்குறைய அங்கேதான் இருந்தது.

சித்தென்ஜேத் துணியை விரித்தேன்,
ஆரஞ்சு நிறத்தில் நீல மீன்கள்.
இடுப்பில் உடுத்தலாம். பிள்ளையை முதுகில் கட்டலாம்.
சந்தையில் தக்காளியை முடிந்துகொள்ளலாம்.
சாவு வீட்டில் தரையில் விரித்து
விடியும்வரை உட்கார்ந்திருக்கலாம்.
ஆசிரியர் மொரிவாக்கி லேசாகத் தொண்டையைச் செருமினார்.

களி கிண்டும் அகப்பையை
"துடுப்பா?" என்று கேட்டான் ஒருவன்.
நூறு பேருக்குக் கிண்டினால் துடுப்புதான்.
பிறகு கம்பிக் கார்:
சைக்கிள் பிரேக் கம்பியில் உடம்பு,
ஷூ பாலிஷ் டப்பா மூடிகளில் சக்கரம்.
கைமாறிக் கைமாறிப் போய்
கடைசி வரிசையில் ஒரு சக்கரத்தை இழந்து திரும்பியது.
யாரும் வாய் திறக்கவில்லை.
செய்தவன் லிம்பிகானி. இங்கே இருந்திருந்தால்
கம்பியைப் பல்லால் வளைத்து
பேச்சை நிறுத்தாமலே வேறொன்றை மாட்டியிருப்பான்.

மனப்பாடம் செய்து வந்த வாக்கியம் ஒன்று உண்டு:
அங்கே பொருள் குறைவு, புன்னகை அதிகம்.
திரும்பி வந்தவர்கள் எல்லோரும் சொல்வது.
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
கூட்டுறவுச் சங்கச் செயலாளர் தடாலா
மூன்று வாரம் என்னோடு பேசாமல் இருந்திருக்கிறாள்.
காரணம் இருந்தது.

அகப்பையைப் பையில் திணிக்கும்போது
ஓரத் தையல் வழியே அது நழுவி விழுந்தது.
சின்னச் சத்தம்.
"அது என்ன நாட்டுப் பொருள்?"
முன்வரிசை நகிசா.
சாவி.
"எதுக்கு?"
ங்கோட்டகோட்டாவில், ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில்,
நீலக் கதவு. உள்ளே விதை மூட்டைகள்.
"திருப்பிக் குடுக்கலையா?"
மறந்துவிட்டேன். விமானத்தில்தான் கையில் தட்டியது.
"அப்போ அவங்க கதவை எப்படித் திறந்தாங்க?"

வகுப்பு முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தது.
பூட்டை உடைச்சிருப்பாங்க.
கூரை ஓட்டைப் பிரிச்சு, குட்டிப் பையன் யாரையாவது உள்ளே விட்டிருப்பாங்க.
இன்னொரு சாவி இருந்திருக்கும்.
இல்லை. இருந்தது இது ஒன்றுதான்.
நான் கிளம்பியது அக்டோபர் கடைசி,
அங்கே முதல் மழை நவம்பரில்.
அதன் பிறகு தடாலா இரண்டு முறை எழுதினாள்:
அக்காள் மகளுக்குக் கல்யாணம், மாடு ஈன்றது,
உன் ஊரில் இன்னும் பனியா.
பூட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.
நானும் கேட்கவில்லை.

அறிவியல் தராசை யாரோ இழுத்து வந்தார்கள்.
பதினொரு கிராம்.
"தபால் செலவு ரொம்ப ஆகாது" என்றான் சோஹெய்,
அப்பா அஞ்சலகத்தில் வேலை.
"உடைஞ்ச பூட்டுக்கு எதுக்குச் சாவி?
புதுப் பூட்டு ஒண்ணும் சேர்த்து அனுப்பணும்" என்றாள் நகிசா,
நான் அவள் கடையில் சாமான் வாங்க வந்தவள் போல.
அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது.
மீதி மூன்று பொருள்கள் பையிலேயே கிடந்தன.
நன்றி சொல்லி எல்லோரும் ஒன்றாகக் குனிந்தார்கள்.

வாசலில் ஸ்லிப்பரைக் கழற்றி
இடது பூட்ஸுக்குள் காலை விட்டேன்.
விரல் நுனியில் ஏதோ சில்லென்று இடித்தது.
கவிழ்த்து உதறினேன்:
வட்டமான தகர மூடி, நடுவில் ஆணி ஓட்டை.
நடையைத் திரும்பிப் பார்த்தேன்.
ஆள் இல்லை.
வகுப்பறைப் பக்கம் தட்டுகள் மோதும் சத்தம்.